முதல் பைக் வாங்க ஒரு ஒர்க்ஷீட்

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, தமிழில் நாலு வரி டைப் செய்தும் பார்த்தாயிற்று. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு இந்த மாதம் ஒரு உருப்படியான வேலை. வீட்டில் ஒரு பெரிய செலவு வரும்போது, கம்ப்யூட்டரை வைத்து எப்படி முடிவு எடுப்பது என்று பார்க்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது பைக். காரணம், சமீபத்தில்தான் என் முதல் பைக்கை வாங்கினேன்.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். 28 வயது வரை எனக்கு பைக் ஓட்டத் தெரியாது. படிக்கும்போது கல்லூரி பஸ், வேலைக்குப் போனதும் சென்னையில் மின்சார ரயில் என்று காலம் ஓடிவிட்டது. இப்போது வீட்டிலிருந்தே வேலை என்பதால், சொந்த ஊரான போடிநாயக்கனூருக்கு வந்துவிட்டேன். போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை போகும் வழியில் எங்களுக்குச் சிறிய ஏலத் தோட்டம் ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளாக அப்பாதான் பைக்கில் போய்ப் பார்த்து வந்தார். சர்க்கரையால் அவருக்குப் பார்வை மங்கியது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பில் போனால், காலையில் தோட்டத்து ஆட்களோடு ஏறி மாலையில்தான் இறங்க முடியும். மதியம் எனக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்கும். ஆகவே நானே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, வாரம் இரண்டு முறை அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போவது என்று முடிவாயிற்று.

வண்டி வாங்கும் முன் நடந்தது:

எல்.எல்.ஆர். எடுத்த புதிதில் நண்பனின் கியர் இல்லாத ஸ்கூட்டரை இரவல் வாங்கி, தனியாக மெட்டுக்கு ஏறினேன். முந்தலில் தொடங்கும் மலைப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. திரும்பும்போது முன்னால் அரை மூட்டை வைத்துக்கொண்டு இறங்கினேன். பயத்தில் இரண்டு பிரேக்கையும் வழி நெடுக அழுத்திக்கொண்டே வந்தேன். கடைசி வளைவுகளில் பிரேக் லீவர் ஹேண்டில் பாரைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் வண்டி நிற்கவில்லை. எதிரே ஜீப் எதுவும் வராததால் இன்று இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மறுநாள் போடியில் மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "வண்டி மேல தப்பு இல்ல தம்பி. மலைய இறங்குறதுக்கு பிரேக்க மட்டும் நம்புனா இப்படித்தான். பைக் வாங்கப் போறீகன்னா மைலேஜ் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு வாங்கிராதீக" என்றார். கையில் இருந்த விளம்பரத் தாளில் நான் பேனாவால் வட்டம் போட்டிருந்தது மைலேஜை மட்டும்தான்!

யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் வாங்கும்போதும் இதே தவறைச் செய்கிறோம். ப்ராசசரின் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ராம் போதவில்லை என்று பிறகு வருந்துகிறோம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி சொல்ல விரும்புவது. நமக்குத் தேவையானது உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும். அதை வெளியே எடுத்து, நம் பாதையையும் நம் எடையையும் அதோடு சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் ஸ்ப்ரெட்ஷீட்.

டேட்டாவைத் திரட்டுங்கள்:

பைக் கம்பெனிகளின் இணைய தளங்களில் ஒவ்வொரு மாடலுக்கும் பிடிஎப் பைல் ஒன்று கிடைக்கும். அதை டவுன்லோட் செய்து, ஸ்பெசிபிகேஷன் என்ற பக்கத்திற்குச் செல்லுங்கள். அங்குள்ள முப்பது வரிகளில் நமக்கு வேண்டியவை நான்கு. அவை டார்க், அந்த டார்க் எந்த ஆர்பிஎம்மில் கிடைக்கிறது, வண்டியின் எடை, சீட்டின் உயரம்.

டார்க் என்றால் என்ன? சக்கரத்தைத் திருக இன்ஜின் தரும் முறுக்கு விசை. இறுகிய போல்ட்டை ஸ்பேனர் வைத்துத் திருகும்போது கை தரும் விசையைப் போன்றது. ஆர்பிஎம் என்பது ஒரு நிமிடத்தில் இன்ஜின் சுற்றும் சுற்றுகள். ஒரே அளவு டார்க் இரண்டு வண்டிகளில் இருந்தால், குறைந்த ஆர்பிஎம்மில் அதைத் தரும் இன்ஜின் மேட்டில் அதிகம் அலறாமல் இழுக்கும். பவர் என்று பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் 7,000 அல்லது 8,000 ஆர்பிஎம்மில் கிடைப்பது. வளைவில் மெதுவாகத் திரும்பும்போது யாரும் இன்ஜினை அந்த வேகத்தில் சுற்ற விடுவதில்லை.

நான் எடுத்துக்கொண்ட மூன்று மாடல்களின் டேட்டா இதோ. கம்பெனிகள் அவ்வப்போது மாற்றங்கள் செய்யும் என்பதால், வாங்கும் நாளில் புதிய பிடிஎப் பைலைப் பார்த்துக்கொள்ளவும்.

ஹீரோ ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் (97.2 சிசி): டார்க் 8.05 நியூட்டன் மீட்டர், 6,000 ஆர்பிஎம், எடை 112 கிலோ, சீட் உயரம் 785 மி.மீ.

ஹோண்டா ஷைன் 100 (98.98 சிசி): டார்க் 8.05, 5,000 ஆர்பிஎம், எடை 99 கிலோ, சீட் உயரம் 786 மி.மீ.

ஹோண்டா ஷைன் 125 (123.94 சிசி): டார்க் 11, 6,000 ஆர்பிஎம், எடை 113 கிலோ, சீட் உயரம் 791 மி.மீ.

ஒர்க்ஷீட்டை அமையுங்கள்:

எக்ஸெல் இருந்தால் அதைத் திறக்கவும். இல்லை என்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இரண்டிலும் செய்முறை ஒன்றுதான். கட்டம் கட்டமாகத் தெரிபவை செல்கள். மேலே ஆங்கில எழுத்துகள் ஏ, பி, சி என்றும், இடது பக்கம் 1, 2, 3 என்றும் இருக்கும். பி நெட்டு வரிசையும் 2 ஆம் படுக்கை வரிசையும் சந்திக்கும் செல்லுக்கு பி2 என்று பெயர். இங்கு நான் தமிழில் எழுதும் செல் பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

1. ஏ1 முதல் ஏ7 வரை, ஒன்றன் கீழ் ஒன்றாக, மாடல், டார்க், ஆர்பிஎம், வண்டி எடை, நம் எடை, சீட் உயரம், விடை என டைப் செய்யவும்.

2. பி வரிசையில் ஸ்ப்ளெண்டர், சி வரிசையில் ஷைன் 100, டி வரிசையில் ஷைன் 125 ஆகியவற்றின் எண்களை நிரப்பவும். எண்ணோடு கிலோ, மி.மீ. என்று சேர்த்து டைப் செய்ய வேண்டாம். சேர்த்தால் அதை எழுத்து என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட மறுக்கும்.

3. பி5 செல்லில் உங்கள் எடையையும் சுமையின் எடையையும் கூட்டிப் போடவும். நான் 65 கிலோ, மூட்டை 30 கிலோ. ஆக 95. சி5 செல்லிலும் டி5 செல்லிலும் எண்ணைப் போடாமல் =பி5 என்று கொடுக்கவும். இனி பி5 ஐ மாற்றினால் மற்ற இரண்டும் தாமாக மாறும்.

4. பி7 செல்லில் =பி2*1000/(பி4+பி5) என டைப் செய்து என்டர் தட்டவும். நட்சத்திரக் குறி பெருக்கல், சாய்ந்த கோடு வகுத்தல். இழுக்க வேண்டிய மொத்த எடைக்கு எவ்வளவு டார்க் கிடைக்கிறது என்பதே இந்தக் கணக்கு. ஆயிரத்தால் பெருக்குவது, விடை படிக்க எளிதான எண்ணாக வருவதற்காக மட்டுமே.

5. பி7 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து டி7 வரை இழுத்துவிடவும். மற்ற இரண்டு விடைகளும் வந்துவிடும்.

ஸ்ப்ளெண்டருக்கு 38.9, ஷைன் 100க்கு 41.5, ஷைன் 125க்கு 52.9 என்று வந்தால் சரி. ஸ்ப்ளெண்டருக்கு 166.9 என்று வந்தால் அடைப்புக்குறியை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் முதலில் வகுத்துவிட்டு, பிறகு 95 ஐக் கூட்டிவிடும். கம்ப்யூட்டர் நாம் நினைத்ததைச் செய்யாது, டைப் செய்ததைத்தான் செய்யும். விடை நம்ப முடியாதபடி இருந்தால் முதலில் பார்முலாவைச் சந்தேகப்படுங்கள்.

விடை சொல்லும் சேதி:

இப்போது பி5 இல் 0 போட்டுப் பாருங்கள். அதாவது ஆள் இல்லாத வெறும் வண்டி. ஸ்ப்ளெண்டரை விட ஷைன் 100 சுமார் 13 சதவீதம் முன்னால் நிற்கும். 95 என்று போட்டால் அந்த வித்தியாசம் 7 சதவீதமாகக் குறைந்துவிடும். ஷோரூமில் 13 கிலோ குறைவு என்று சொல்வது உண்மைதான். ஆனால் வண்டி தனியாக மலை ஏறுவதில்லை, நம்மையும் சுமந்துகொண்டுதான் ஏறுகிறது.

அடுத்து அப்பாவை ஏற்றினேன். நான் 65, அப்பா 70, பை 20. மொத்தம் 155. பி5 ஐ மாற்றி என்டர் தட்டியதும் வந்த விடைகள்: 30.1, 31.7, 41.0. கடைசி எண்ணைக் கவனியுங்கள். அப்பாவோடு போகும் 125 சிசி வண்டியும், மூட்டையோடு நான் மட்டும் போகும் ஷைன் 100ம் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கின்றன. நான்கு நாளாக ஷோரூம் ஷோரூமாக அலைந்து கிடைக்காத தெளிவு இந்த ஒரு செல்லில் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கியர் விகிதத்தைப் பொறுத்தும் இழுவை மாறும். ஆகவே இந்த எண் வண்டிகளை வடிகட்டத்தான் உதவும். வடிகட்டி நின்ற வண்டியை, பின்னால் ஆளை வைத்து, மேடான தெருவில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். முழுதும் ஓட்டப் பழகாதவர்கள் நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

தோட்டத்து வழிகளில் நிறையக் காணப்படும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ஏன் என் பட்டியலில் இல்லை என்று சிலர் கேட்கலாம். 1980 இல் வந்த டிவிஎஸ் 50 காலத்திலிருந்தே மூட்டை சுமக்க இந்த வகை வண்டிக்கு நல்ல பெயர். விலை குறைவு, எடையும் குறைவு. சமதளத்தில் சரக்கு கொண்டு போக அருமையான வண்டி. ஆனால் அதில் கியர் கிடையாது. எனக்குக் கியர் ஏன் தேவைப்பட்டது என்பது அடுத்த பகுதியில்.

இறங்குவதுதான் பரீட்சை:

போடியிலிருந்து மெட்டு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் வண்டியும் பையும் சேர்ந்து 268 கிலோ. இவ்வளவு எடை அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 8 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியைத் தாங்க வேண்டியது பிரேக் அல்லது இன்ஜின். நான் ஸ்கூட்டரில் இறங்கியபோது அந்தப் பாரம் முழுவதையும் இரண்டு சிறிய டிரம் பிரேக்குகள் மேல் போட்டேன். சூடு ஏறியதும் அவற்றின் பிடிப்பு போய்விட்டது.

கியர் வண்டியில், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்கினால், இன்ஜினே சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப் பாதையில் ஓட்டுபவர்கள் சொல்லும் பாடம். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். அப்போதுதான் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குபவர்கள் இந்தப் பிடிப்பையே இழக்கிறார்கள். ப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள பல வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் போவது தானாகவே நின்றுவிடும். பிறகு எதற்கு இந்த ஆபத்து?

எனவே ஒர்க்ஷீட்டில் பிரேக் என்று 8 ஆவது வரி ஒன்றையும் சேருங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள புதிய வண்டிகளுக்கு சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. சிபிஎஸ் என்பது ஒரு பிரேக்கை அழுத்தினாலே இரண்டு சக்கரமும் பிடிக்கும் ஏற்பாடு. ஏபிஎஸ் என்பது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது. இவை இரண்டும் நல்லவையே. ஆனால் டிரம் பிரேக் சூடாவதை இவை தடுக்காது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தால் சூடு வேகமாகக் காற்றில் போய்விடும். என் வரியில் டிஸ்க் என்பதற்குப் பெரிய டிக் போட்டேன்.

மைலேஜின் விலை எவ்வளவு?

இப்போது இன்னொரு ஷீட்டைத் திறக்கவும். நான் மாதம் 600 கி.மீ. ஓட்டுவேன். தோட்டத்திற்கு 8 முறை போய்வர 480, ஊருக்குள் 120. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 60 கி.மீ. கிடைத்தால் மாதம் 1,000 ரூபாய். 50 கி.மீ. கிடைத்தால் 1,200 ரூபாய். ஆக, நான் வட்டம் போட்டு வைத்திருந்த அந்த மைலேஜ் வித்தியாசத்தின் மதிப்பு மாதம் 200 ரூபாய்! தினம் 100 கி.மீ. ஓட்டுபவருக்கு இதே வித்தியாசம் மாதம் 1,000 ரூபாய் ஆகும். அவருக்கு மைலேஜ் முக்கியம். உங்கள் கிலோமீட்டரைப் போட்டு நீங்களே பாருங்கள்.

அதை விடக் கவனிக்க வேண்டியது தவணை. 60,000 ரூபாய் கடன், 3 ஆண்டு, வட்டி வெறும் 10 சதவீதம் என்பார்கள். இது ப்ளாட் வட்டியா என்று கேளுங்கள். ப்ளாட் என்றால், மாதா மாதம் கடன் அடைந்துகொண்டே வந்தாலும் முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டு வட்டி போடுவார்கள். வட்டி 18,000, மொத்தம் 78,000, மாதத் தவணை 2,167. குறையும் கடனுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 18 சதவீத வட்டிக்குச் சமம். எக்ஸெல்லில் உள்ள ரேட் என்ற பங்ஷனைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். வங்கிக் கடனோடு ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

விலைக்கு இன்னும் இரண்டு செய்திகள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள இரு சக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஆகவே பழைய விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 2018 செப்டம்பரிலிருந்து புதிய பைக்கிற்கு மூன்றாம் நபர் இன்சூரன்சை 5 ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. எனவே ஷோரூம் விலையை மட்டும் போடாமல், ரோட்டில் இறங்கும் விலையைக் கேட்டுப் போடவும். தரமான ஐஎஸ்ஐ ஹெல்மெட் இரண்டையும் அதே பட்டியலில் சேருங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் கவனம்:

எல்.எல்.ஆருக்குப் பரிவாகன் இணைய தளத்தில் விண்ணப்பிக்கும்போது, கியர் உள்ளது, கியர் இல்லாதது என இரண்டு வகைகள் இருக்கும். கியர் இல்லாததை டிக் செய்தால், அந்த லைசென்சில் கியர் பைக் ஓட்ட முடியாது. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து டிரைவிங் டெஸ்டிற்குப் போகலாம். எல்.எல்.ஆர். காலத்தில், கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. அதனால் லைசென்ஸ் கைக்கு வரும் வரை அப்பா ஜீப்பில்தான் போனார். நான் காலி வண்டியில் முந்தலுக்கு மேலே முதல் சில வளைவுகள் வரை ஏறி இறங்கிப் பழகினேன்.

நான் வாங்கியது முன் டிஸ்க் பிரேக் உள்ள 125 சிசி வண்டி. லைசென்ஸ் வந்த வாரம் அப்பாவை ஏற்றிக்கொண்டு மெட்டுக்குப் போனோம். ஏறும்போது ஒன்றும் பேசாமல் வந்தார். இறங்கும்போது நாலைந்து வளைவு தாண்டியதும், "மூணாவதுலயா வர்ற? ரெண்டாவதுக்கு வா" என்றார். கண் மங்கினாலும் இன்ஜின் சத்தம் அவருக்குத் தெரிகிறது. இரண்டாவதுக்கு மாற்றினேன். முந்தலில் நிறுத்திக் கீழே பார்த்தேன். பிரேக் சூடாகித்தான் இருந்தது, ஆனால் கடைசி வரை பிடித்தது.

இந்த ஒர்க்ஷீட்டை என் சித்தி மகள் காப்பி செய்து வாங்கிப் போனாள். தேனியில் வேலை, தினமும் போடியிலிருந்து சமதளத்தில் பயணம். 125ஏ வாங்கிக்கொள் என்று சொல்ல இருந்தேன். அவள் பி5 இல் தன் எடையையும் பையையும் சேர்த்து 60 என்று போட்டாள். ஷைன் 100க்கு 50.6 என்று வந்தது. "அண்ணே, உங்க 125ல நீங்க மூட்டையோட போறப்ப இருக்கிற அளவுக்கு இதுலயே எனக்கு வந்துருச்சே. 99 கிலோன்னா கீழ விழுந்தாலும் நானே தூக்கிருவேன்" என்றாள். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. ஒர்க்ஷீட் ஒன்றுதான், ஒரு செல் மட்டும் மாறியது, அவளுக்குச் சரியான வண்டியும் மாறிவிட்டது.

உங்கள் எடை, உங்கள் பாதை, உங்கள் மாதக் கிலோமீட்டர் இம்மூன்றையும் இன்றே ஒரு ஒர்க்ஷீட்டில் போட்டு, வண்டி என்று பெயர் கொடுத்து சேவ் செய்துகொள்ளுங்கள். ஷோரூமுக்கு அதன் பிறகு போகலாம்.